ஒட்டுப்போர்வை: விதியும் விலகலும்

நுழையும்முன்

பழைய புடவையை எறிய மனம் வராத வீடுகளில் அது விரிப்பாக மாறும். நான்காக மடித்து, ஓரம் பிடித்து, நடுவில் நெடுக நூலோட்டி, பிறந்த குழந்தைக்குக் கீழே விரிப்பார்கள். அந்த விரிப்புக்குத் திட்டமான அளவு கிடையாது. புடவையின் நைந்து போகாத பகுதி எவ்வளவோ அவ்வளவே அதன் அளவு. இதே வேலை உலகின் வேறு பகுதிகளில் நுட்பமான விதிகளைக் கொண்ட கைவினையாக வளர்ந்துள்ளது. அவ்விதிகள் எவை, எதற்காக ஏற்பட்டன, அவற்றிலிருந்து விலகிய ஒரு சிற்றூர்ப் பெண்களின் போர்வைகள் அருங்காட்சியகத்தின் சுவருக்கு எவ்வாறு சென்றன என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

துண்டுகள் போர்வையாகும் முறை

ஆங்கிலத்தில் 'குயில்ட்' என வழங்குவதை இப்பாடத்தில் ஒட்டுப்போர்வை என்று குறிப்பிடுவோம். அது மூன்று அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு, சிறு சிறு துணித்துண்டுகளை இணைத்துத் தைத்தது. கண்ணுக்குத் தெரியும் அழகெல்லாம் அதில்தான் இருக்கிறது. நடுவில் பஞ்சு பரப்பப்படும். அடியில் ஓர் எளிய துணி இருக்கும். மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேலிருந்து அடிவரை ஊசி சென்று மீளும்படி ஓட்டுத்தையல் இடுவர். துண்டுகளை இணைப்பது ஒரு வேலை. அடுக்குகளை இணைப்பது மற்றொரு வேலை. முன்னது போர்வைக்கு வடிவத்தைத் தருகிறது. பின்னது அதை நெடுநாள் உழைக்க வைக்கிறது.

அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் இக்கைவினை வீடுதோறும் பரவியது. தாய் மகளுக்குச் சொல்லித்தந்த முறைகள் பின்னர் இதழ்களிலும் அச்சிட்ட மாதிரித் தாள்களிலும் இடம்பெற்று, விதிகளாக உறுதிப்பட்டன. அவற்றுள் முதன்மையானது தையலுக்கு விடவேண்டிய ஓரம் பற்றியது. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் பிழை. கேட்பதற்கு இது வீண் கெடுபிடி போலத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு வரிசையில் 16 துண்டுகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுக்கிடையே 15 இணைப்புகள் வரும். ஒவ்வொரு துண்டிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகத் தையலுக்குள் போய்விட்டால், ஓர் இணைப்புக்கு எட்டில் ஒரு பங்கு குறையும். பதினைந்து இணைப்புகளில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் காணாமல் போகும். அந்த வரிசை அடுத்த வரிசையோடு பொருந்தாது. இழுத்துப் பொருத்தினால் போர்வை சுருங்கிப் புடைக்கும்.

அடுத்தது இழையின் திசை. நெய்த துணி, பாவு நூலின் போக்கில் இழுத்தால் கொடுக்காது. ஊடையின் போக்கில் சிறிதளவு கொடுக்கும். மூலைவாட்டில் இழுத்தால் மிகுதியாக நீளும். தையற்காரர் 'கிராஸ்' என்று கூறும் வெட்டு இந்த மூலைவாட்டு வெட்டேயாகும். ரவிக்கைக்குப் பயன்படும் அந்த நெகிழ்வு போர்வைக்கு ஆகாது. எனவே முக்கோணத் துண்டுகளை வெட்டும்போது, மூலைவாட்டு விளிம்பு போர்வையின் வெளியோரத்துக்கு வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

மூன்றடுக்கையும் சேர்க்கும் தையலுக்கும் கட்டுப்பாடு உண்டு. அக்காலத்தில் பருத்திப் பஞ்சைக் கையால் கொட்டிப் பரப்பினர். நெருக்கமான தையல் வரிகள் இல்லாவிடில் முதல் சலவையிலேயே பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் உருண்டுவிடும். ஆதலால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு வரியேனும் ஓட வேண்டும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் விழுந்தால் அது தேர்ந்த கை. முடிச்சு வெளியே தெரியக்கூடாது. அதைச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் மறைத்துவிட வேண்டும்.

இவற்றோடு தோற்றம் பற்றிய விதிகளும் இருந்தன. மேலடுக்கு ஒரே அளவான கட்டங்களாகப் பிரிய வேண்டும். நான்கு துண்டுகள் சந்திக்கும் இடத்தில் மூலைகள் பிசகாமல் பொருந்த வேண்டும். இடப்புறம் உள்ளது வலப்புறமும் வர வேண்டும். நிறங்கள் முறை மாறாமல் சுழல வேண்டும். 'லாக் கேபின்' எனப்படும் மரக்குடில் கோலத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு சிறு சதுரம். அதைச் சுற்றி மரங்களை அடுக்கியது போலப் பட்டைகள். மூலைவிட்டத்துக்கு ஒருபுறம் வெளிர் நிறப் பட்டைகள். மறுபுறம் அடர் நிறப் பட்டைகள். இந்த ஒளியும் நிழலும் கட்டத்துக்குக் கட்டம் மாறாமல் வந்தால்தான் அது லாக் கேபின்.

தாங்கும் விதியும் தோற்ற விதியும்

மேலே கூறிய விதிகள் அனைத்தும் ஒரே தரத்தின அல்ல. தையல் ஓரம், இழையின் திசை, தையல் வரிகளின் நெருக்கம் ஆகியவை துணியைத் தாங்கும் விதிகள். அவற்றை மீறினால் போர்வை பிரியும். குளிரில் நடுங்குபவருக்கு அது பயன்படாது. கட்டங்களின் ஒப்புமை, நிறத்தின் முறை, மூலைகளின் பொருத்தம் ஆகியவை கண்ணுக்கான விதிகள். அவற்றை மீறினாலும் போர்வை போர்வையாகவே இருக்கும். ஆனால் கற்பிக்கும்போது இரண்டையும் ஒரே குரலில்தான் கற்பித்தனர். எது துணிக்கு வேண்டியது, எது பழக்கத்துக்கு வேண்டியது என்று கற்பவர் பிரித்தறிய வழியிருக்கவில்லை.

தமிழ் இலக்கணம் கற்கும் நமக்கு இந்தப் பாகுபாடு புதிதன்று. வழாநிலை, வழு என இரண்டோடு நில்லாமல் வழுவமைதி என மூன்றாவது ஒன்றையும் நம் இலக்கண நூலார் வைத்தனர். இலக்கணப்படி பிழையாயினும், காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் உவந்து கூறினால் அது திணை வழு என்று யாரும் திருத்துவதில்லை. அங்குக் காரணம் இருக்கிறது. கூறுபவருக்கு அது தெரிந்தும் இருக்கிறது. இவ்விரண்டும் உள்ளனவா என்பதே கேள்வி. வகுப்பில் வெண்பாப் பயிற்சி தரும்போது தளை தட்டிய அடியைச் சுட்டினால், 'இது புதுக்கவிதை ஐயா' என்று சிரித்துக்கொண்டே கூறும் மாணவர் ஒவ்வோர் ஆண்டும் ஒருவர் இருப்பார். அவர் தளையை அறிந்து விட்டாரா, அறியாமல் விட்டாரா என்பது அடுத்த பாட்டில் தெரிந்துவிடும்.

ஒட்டுப்போர்வையிலும் இக்கேள்வி எழுந்தது. அதை எழுப்பியவை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் போர்வைகள்.

ஆற்று வளைவில் ஓர் ஊர்

அலபாமா ஆறு குதிரை லாடம் போல் வளையும் இடத்தில், மூன்று புறமும் நீர் சூழ அமைந்த ஊர் கீஸ் பெண்ட். 1816இல் ஜோசப் கீ என்பவர் அங்குப் பருத்தித் தோட்டம் அமைத்தார். ஊரின் பெயர் அவரால் வந்தது. 1845இல் அத்தோட்டம் மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவர் தம்மிடம் அடிமைகளாயிருந்த ஏறத்தாழ நூறு பேரை வட கரோலினாவிலிருந்து கால்நடையாகவே அங்குக் கொண்டுவந்தார். அவர்கள் வழிவந்தோரில் பலர் இன்றும் பெட்வே என்னும் குடும்பப் பெயரையே தாங்கியுள்ளனர். உடைமையாளரின் பெயர் உடைமையாக்கப்பட்டவர்மீது தங்கிவிட்டது.

அடிமைமுறை ஒழிந்த பின்னர் அவர்கள் அதே நிலத்தில் குத்தகையாளர்களாயினர். 1930களின் தொடக்கத்தில் பருத்தி விலை வீழ்ந்தது. அவர்களுக்குக் கடன் கொடுத்துவந்த வணிகர் 1932இல் இறக்கவே, அவர் குடும்பத்தார் கடனுக்கு ஈடாக வீடு வீடாகச் சென்று கால்நடை, கலப்பை, தானியம் என அகப்பட்டதையெல்லாம் எடுத்துச் சென்றனர். ஊர் பட்டினியின் விளிம்புக்கு வந்தது. பின்னர் அரசு தலையிட்டு நிலத்தை வாங்கி, புதிய வீடுகள் கட்டி, அவற்றை அம்மக்களே வாங்க வழிசெய்தது. 1937இல் ஆர்தர் ராத்ஸ்டீன் அங்கு எடுத்த ஒளிப்படங்களில் பழைய குடில்களின் உட்சுவர் முழுவதும் செய்தித்தாள்கள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம். படிப்பதற்காக அன்று, மரப்பலகைகளின் இடுக்கு வழியே வரும் காற்றைத் தடுப்பதற்காக. அத்தகைய வீட்டில் ஒரு கட்டிலுக்கு ஒரு போர்வை போதாது. மேலே போர்த்தவும் கீழே விரிக்கவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வேண்டும். குளிர்காலத்துக்கு முன் அவற்றைத் தைத்து முடிப்பது, வயல்வேலைக்கும் அடுப்பு வேலைக்கும் இடையே பெண்களுக்கு விதிக்கப்பட்ட மூன்றாவது வேலை.

கந்தல் வகுத்த கோணல்

கீஸ் பெண்ட் பெண்கள் போர்வைக்கெனத் துணி வாங்கவில்லை. வயலில் உடுத்து நைந்த முழுக்கால்சட்டை, சட்டை, பாவாடை, மாவுச் சாக்கு, உரச் சாக்கு ஆகியவையே அவர்களுக்குக் கிடைத்த துணி. இதை மனத்தில் கொண்டால், அவர்களது போர்வைகளின் கோணல் எங்கிருந்து வந்தது என்பது ஓரளவு விளங்கும். கால்சட்டையின் ஒரு காலைத் தையல் பிரித்து விரித்தால் கிடைப்பது செவ்வகம் அன்று. மேலே அகன்று கீழே குறுகும் துண்டு. கால் அங்குல விதிப்படி அதை நேராக வெட்டினால் இருபுறமும் துணி வீணாகும். வெட்டாமல் அப்படியே ஒன்றைத் தலைகீழாகவும் மற்றொன்றை நேராகவும் வைத்துத் தைத்தால் துணி மிச்சம்; ஆனால் கோடு சாயும். அவர்கள் துணியை மிச்சப்படுத்தினர், கோடு சாய்ந்தது. பல வேளைகளில் கத்தரிக்கோலும் அளவுகோலும் எடுக்காமல் துணியைக் கையால் கிழித்தே பட்டைகளாக்கினர். துணி இழையின் போக்கில்தான் கிழியும். எனவே அளவு கண்ணளவாக இருந்தாலும் இழையின் திசை தப்பவில்லை. தாங்கும் விதி அங்கே அவர்கள் விரல்களுக்குள் இருந்தது.

ஆயினும் சிக்கனம் ஒன்றையே காரணமாகக் கூறினால் பாதிதான் கூறியதாகும். கால்சட்டையின் முழங்கால் பகுதி வெயிலிலும் மண்ணிலும் வெளுத்திருக்கும். பையைப் பிரித்தெடுத்தால் அதன் அடியில் வெயில் படாத துணி கருநீலமாக, பை இருந்த வடிவத்திலேயே தங்கியிருக்கும். விதி அறிந்த ஒருவர் அத்துண்டை ஒதுக்குவார். அல்லது ஓரத்தில் மறைப்பார். கீஸ் பெண்டின் பல போர்வைகளில் அக்கருநீலத் தடம் ஒளிக்கப்படவில்லை. பார்வை முதலில் படும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

மிசோரி பெட்வே என்னும் பெண்மணி 1942இல் தைத்த போர்வை ஒன்றைப் பற்றி அவர் மகள் அர்லான்சியா பெட்வே பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். கணவர் இறந்தபின் அவர் வயலுக்கு அணிந்துசென்ற உடைகளையெல்லாம் எடுத்து, மகளின் துணையோடு ஒரே போர்வையாகத் தாய் தைத்தார். அவரை நினைத்து அதைப் போர்த்திக்கொள்வதற்காக. நீலமும் சாம்பலும் வெளுத்த பழுப்புமாக அமைந்த நெடிய பட்டைகள் அதில் உள்ளன. கறையும் ஒட்டும் அப்படியே தெரிகின்றன. அவற்றை வெட்டி நீக்கியிருந்தால் போர்வை விதிப்படி ஒழுங்காகியிருக்கும். உழைத்த மனிதர் அதில் இருந்திருக்க மாட்டார்.

ஊரார் விரும்பித் தைத்த கோலத்துக்கு 'ஹவுஸ்டாப்', அதாவது வீட்டுக்கூரை என்று பெயர். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிப் பட்டைகள், மேலும் பட்டைகள். இது லாக் கேபினின் உறவினர்தான். ஆனால் வழக்கமான போர்வையில் இத்தகைய சிறு கட்டங்கள் பல அடுக்கப்படும்; கீஸ் பெண்டில் ஒரே கட்டம் வளர்ந்து வளர்ந்து போர்வை முழுவதையும் நிறைத்துவிடுவதுண்டு. நடுச்சதுரம் நடுவில் இல்லாமலும் போகும். ஒருபுறம் பட்டை அகலும், மறுபுறம் ஒடுங்கும். சிவப்பு வந்துகொண்டிருக்கும் வரிசையில் சிவப்புத் துணி தீர்ந்த இடத்தில் திடீரென ஒரு கோடிட்ட துணி வரும். அது தீர்ந்துபோனதால் வந்ததா, வேண்டுமென்று வந்ததா என்று பார்ப்பவரால் கூற இயலாது. தைத்தவர்கள் பலர் இத்தகைய போர்வையை 'என் வழி' என்றே குறிப்பிட்டனர்.

அறியாமையா, தெரிவா?

விதி மீறிய கைவேலையைக் கண்டால், செய்தவருக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்டுவது எளிது. அதுவும் செய்தவர் ஏழையாகவும் பள்ளிப்படிப்பு குறைந்தவராகவும் இருந்துவிட்டால் அம்முடிவு இன்னும் விரைவாக வரும். அம்முடிவு தவறு என்பதற்குக் கீஸ் பெண்டின் வரலாற்றிலேயே சான்று உள்ளது.

1960களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காகப் போராடினர். ஆற்றின் மறுகரையிலுள்ள கேம்டன் நகரில்தான் வாக்காளராகப் பதிவுசெய்ய வேண்டும். 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கண்ணுக்கெதிரே இருந்த நகருக்குச் செல்ல, சுற்றுப்பாதையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியதாயிற்று. 1965இல் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். பதிவுசெய்யச் சென்றவர் சிலர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். மறு ஆண்டு, பிரான்சிஸ் வால்டர் என்னும் கிறித்தவக் குருவின் முயற்சியால் அப்பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். தம் கைவேலையை விற்றுத் தாமே ஊதியம் ஈட்டுவது அதன் நோக்கம்.

நியூயார்க்கின் பெரிய கடைகள் வாங்க முன்வந்தன. ஆனால் அவற்றுக்கு வேண்டியது 'என் வழி' அன்று. ஒரே கோலம், ஒரே அளவு, ஒரே நிறம். நூறு வாங்கினால் நூறும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மூலைகள் பொருந்த வேண்டும்; தையல் சிறுத்திருக்க வேண்டும். இதுவரை நாம் பார்த்த தோற்ற விதிகளெல்லாம் இப்போது வணிக ஒப்பந்தமாக வந்து நின்றன. அப்பெண்கள் அவ்வாறே தைத்துக் கொடுத்தனர். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தமும் கிடைத்தது. அளவு பிசகாத உறைகள் கட்டுக்கட்டாகச் சென்றன.

வெட்டியதில் மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். பழுத்த மஞ்சள், இலைப்பச்சை, துருச்சிவப்பு நிறத்தில் தடித்த, வரிவரியான துணி. பகலில் அதே துணியை விதிப்படி வெட்டித் தைத்த கைகள், மாலையில் வீட்டில் அதே துணியைக் கோணலாகவும் நடு விலக்கியும் தம் விருப்பப்படி இணைத்தன. அக்காலத்துக் கார்டுராய்ப் போர்வைகள் இன்று மிகவும் போற்றப்படுகின்றன. இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. விதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விற்பதற்கு அதைப் பின்பற்றினர். வீட்டுக்கு வேண்டாமென விட்டனர்.

அவர்களது விலகலுக்கும் உள்ளூர ஒரு நெறி இருந்தது. இளவேனிலில் போர்வைகளை வெளியே கொடியில் உலர்த்துவது வழக்கம். அவ்வழியே நடப்பவர் எல்லாருடைய வேலையையும் பார்ப்பர். பக்கத்து வீட்டுக்காரர் பட்டையை எங்கே திருப்பினார் என்பதைக் கண்டுகொண்டு வந்து, அதேபோல் செய்யாமல் சற்று மாற்றிச் செய்வர். அச்சிட்ட மாதிரித் தாள் செய்த வேலையை அங்கே துணி உலர்த்தும் கொடி செய்தது. படியெடுத்தால் பெருமை இல்லை. தையல் பிரிந்தாலோ பழிச்சொல் உண்டு.

தெரிந்து தெளிவோம்

போர்வையில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைப்பது மரபு என்றும், குறையற்ற படைப்பு இறைவனுக்கே உரியது என்பதால் அமிஷ் சமயப் பெண்கள் ஒரு துண்டை மாற்றித் தைப்பர் என்றும் ஒரு கதை பரவலாக வழங்குகிறது. வரலாற்றாய்வாளர்கள் இதற்குச் சான்று காணவில்லை. அமிஷ் மக்களும் ஏற்பதில்லை. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் அவர்கள் தைத்த பழைய போர்வைகள் விதியை முற்றும் தழுவியவை. பூ அச்சிட்ட துணி கூடாது என்பது சமூகக் கட்டுப்பாடு. ஆகவே ஒற்றை நிறத்துணிகளால், பெரிய சதுரத்துக்குள் சாய்சதுரம் என ஒரு சில வடிவங்களையே மீண்டும் மீண்டும் தைத்தனர். அந்தக் குறுகிய எல்லைக்குள் ஊதாவையும் செம்மையையும் அடுத்தடுத்து வைத்து அவர்கள் காட்டிய துணிவு வியப்புக்குரியது. கட்டுப்பாடு மிகுந்தால் கலை குன்றும் என்று கருதுவோர் அவற்றைக் காண வேண்டும்.

பொதுமையின் இடர்

கீஸ் பெண்ட் போர்வைகள் புகழ்பெற்றபின் மற்றொரு தவறான கருத்தும் பரவியது. கறுப்பினப் பெண்கள் தைத்தால் கோணலாகத்தான் தைப்பர், அது அவர்கள் இயல்பு என்பது அக்கருத்து. புகழ்ச்சி போலத் தோன்றினாலும் இது பழைய ஏளனத்தின் மறுபக்கமே. ஆப்பிரிக்க அமெரிக்கப் போர்வைகளை ஆராய்ந்த கியூஸ்டா பென்பெரி என்னும் வரலாற்றாய்வாளர் இதைத் தொடர்ந்து மறுத்துவந்தார். நுண்தையலும் முறையான கோலமும் கொண்ட போர்வைகளைத் தைத்த கறுப்பினப் பெண்கள் எத்தனையோ பேர் இருந்தனர். அவர்களது வேலை 'உண்மையான' கறுப்பினக் கலை ஆகாது என ஒதுக்கப்பட்டால், அதுவும் ஒரு புதிய விதியாகிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவில் பட்டைகளாக நெய்து இணைக்கும் துணிகளின் மரபு கீஸ் பெண்டில் தொடர்கிறது என்று சிலர் கூறுகின்றனர். வடிவ ஒப்புமையைக் கொண்டே அவ்வாறு உறுதிசெய்ய இயலாது என்று வேறு சிலர் தயங்குகின்றனர். தயக்கமே இங்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழியினரான சித்தி மக்கள் 'கவந்தி' என்னும் ஒட்டுப்போர்வை தைக்கின்றனர். பழந்துணித் துண்டுகளை ஓரத்தில் ஒரு மூலையிலிருந்து தைக்கத் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வருவர். துண்டின் அளவுக்கோ நிறத்துக்கோ கட்டுப்பாடு இல்லை. ஆனால் நான்கு மூலைகளிலும் துணியை மடித்துச் செய்த சிறு முக்கோணப் பூக்கள் இருந்தே ஆக வேண்டும். அவை இல்லாத கவந்தி அவர்கள் கண்ணுக்கு முடிவுறாத ஒன்று. எல்லாம் விருப்பம்போல் என்று நாம் எண்ணும் இடத்திலும், விட்டுக்கொடுக்க இயலாத விதி ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறது.

கட்டிலிலிருந்து சுவருக்கு

ஒட்டுப்போர்வையை ஓவியம்போல் சுவரில் மாட்டிக் காட்டும் வழக்கத்துக்கு 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சி வலுச்சேர்த்தது. கீஸ் பெண்ட் அதற்கு மேலும் முப்பதாண்டுகள் காத்திருந்தது. ஆனி மே யங் என்பவர் தைத்த போர்வை ஒன்று விறகுக் குவியலின்மேல் விரிக்கப்பட்டிருந்த ஒளிப்படத்தை வில்லியம் ஆர்னெட் என்னும் கலைச் சேகரிப்பாளர் கண்டு, அதைத் தேடி அவ்வூருக்கு வந்தார். 2002இல் ஹூஸ்டனிலும், தொடர்ந்து விட்னியிலும் கீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நியூயார்க் நாளிதழின் கலை விமர்சகர் அவற்றை அமெரிக்க நவீனக் கலையின் அரிய ஆக்கங்களுள் சேர்த்துப் பாராட்டினார். பிழை என்று கருதப்பட்டவையே புகழுக்குக் காரணமாயின.

அங்குச் சென்ற பெண்கள் அனைவரும் தம்மைக் கலைஞர் என்று எண்ணித் தைத்தவர் அல்லர். லொரெட்டா பெட்வே தமக்குத் தையலில் விருப்பமே இருந்ததில்லை என்று வெளிப்படையாகக் கூறியவர். குழந்தைகளைக் குளிரிலிருந்து காக்க வேறு வழியின்றித் தைத்தார். 2015இல் அவருக்கும் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ ஆகியோருக்கும் மரபுக் கலைஞருக்கான தேசிய விருதை அமெரிக்க அரசின் கலை அமைப்பு வழங்கியது.

2006இல் அமெரிக்க அஞ்சல்துறை கீஸ் பெண்ட் போர்வைகளைப் பத்து அஞ்சல்தலைகளில் வெளியிட்டது. 1962இல் நிறுத்தப்பட்ட படகும் அதே ஆண்டில்தான் மீண்டும் ஓடியது. அவ்வூரின் போர்வை நாடெங்கும் அஞ்சலில் பயணம் செய்த ஆண்டில், அவ்வூரார் அக்கரைக்குச் செல்லும் வழியும் திறந்தது.

புகழோடு சிக்கலும் வந்தது. போர்வைகளின் வடிவங்கள் தரைவிரிப்பு முதலிய பொருள்களில் அச்சாயின. அவ்வருவாயில் தமக்குரிய பங்கு குறித்து 2007இல் அப்பெண்களுள் சிலர் வழக்குத் தொடுத்தனர்; மறு ஆண்டு அது உடன்பாட்டில் முடிந்தது. கோணலுக்கு விலை உண்டு என்றால், அந்தக் கோணல் யாருடையது என்னும் வினாவும் உடன் எழும். ஒருவர் தம் துணி தீர்ந்த இடத்தில் திருப்பிய பட்டையை மற்றொருவர் அளந்து படியெடுக்கலாமா? கீஸ் பெண்ட் வடிவிலான போர்வையைத் தைப்பதற்குரிய துணிகளும் அளவுகளும் அடங்கிய பொதிகள்கூட விற்பனைக்கு வந்தன. எந்தப் பட்டை எவ்வளவு சாய வேண்டும் என்பதை அளவு சொல்லித் தந்தது. அதை வாங்கித் தைப்பவர் கால் அங்குலம் பிசகாமல் கோணலைத் தைக்கலாம்.

கீஸ் பெண்டில் இன்றும் போர்வை தைக்கின்றனர். தற்போது ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில், பழைய வழக்கத்தை நினைவூட்டும் வகையில் ஊரெங்கும் கொடி கட்டிப் போர்வைகளை உலர்த்தும் விழாவும் நடைபெறுகிறது. வெளியூரிலிருந்து வருவோர் அவற்றினிடையே நடந்து பார்க்கின்றனர். ஊர்ப் பெண்கள் தைக்கவும் கற்றுத் தருகின்றனர். அளவுகோல் கேட்பவரிடம், முதலில் துணியைக் கிழித்துக் காட்டுகின்றனர்.